நாற்பத்தொரு பேர், ஒரே வட்டம்

தலைமை ஆசிரியரின் மேசைமேல் அந்தத் தாள் விரிந்து கிடந்தது. நான்கு தாள்களை ஒட்டி ஒன்றாக்கியிருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க ஒரு முனையில் மணி அடிக்கும் இரும்புக் கட்டையும், மறுமுனையில் அவருடைய கண்ணாடிக் கூடும் இருந்தன.

எங்கள் ஒன்பதாம் வகுப்பின் அடைவுத் தேர்வு முடிவு அது. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு நாற்பத்தொரு வரிசை, ஐம்பது கேள்விகளுக்கு ஐம்பது கட்டம். சரியான விடைக்குப் பச்சை, தவறான விடைக்கு மஞ்சள். தாள் முழுக்கப் பச்சையும் மஞ்சளும் இறைந்து கிடக்க, இரண்டு இடங்களில் மட்டும் மேலிருந்து கீழ்வரை கோடு கிழித்த மாதிரி ஒரே மஞ்சள்.

"பதினேழாம் கேள்வி, இருபத்திமூணாம் கேள்வி," என்றார் சேதுராமன் சார். அவர்தான் அப்போது எங்கள் தலைமை ஆசிரியர். "ரெண்டுலயும் நாப்பத்தொரு பிள்ளைகளும் 'இ' வட்டத்த நெரப்பியிருக்குதுக. ரெண்டும் தப்பு. எல்லாரும் ஒரே தப்பு. என்ன சொல்லுறீக டீச்சர்?"

தாளோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. தேர்வை நடத்திய குழு அனுப்பியது. மொத்த வகுப்பும் ஒரே தவறான விடையை எழுதியிருப்பதால் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கிறோம் என்றது கடிதம். பள்ளிக்கு இரண்டு வழி. முறைகேடு நடந்ததை ஒப்புக்கொண்டால் வகுப்புக்கு மறு தேர்வு வைப்பார்கள். ஆனால் அது பதிவேட்டில் ஏறும், கண்காணிப்பாளர் மேல் நடவடிக்கை வரும். இல்லையென்றால் ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். விளக்கம் ஏற்கப்பட்டால் மதிப்பெண் அப்படியே நிற்கும்.

நான் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். பதினேழாம் கேள்வி: √49-இன் மதிப்பு என்ன? அ) 7, ஆ) −7, இ) ±7, ஈ) 24.5. இருபத்திமூன்றும் அதே வகைதான். 49-க்குப் பதிலாக 0.09.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"சார், பிள்ளைக மேல தப்பே இல்ல. விடைக்குறிப்பு தப்பு. ஏழ ஏழால பெருக்குனாலும் நாப்பத்தொம்போது. மைனஸ் ஏழ மைனஸ் ஏழால பெருக்குனாலும் நாப்பத்தொம்போது. அப்ப விடை ரெண்டுதான? 'இ'தான் சரி."

"நான் வரலாறு படிச்சவன்," என்றார் சார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எழுதிக் குடுங்க, இன்னைக்கே அனுப்பிருவோம்."

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'எந்தக் கணித ஆசிரியருக்கும் தெரிந்த அடிப்படை இது' என்று ஒரு வரியை எழுதி, அதற்குக் கீழே அடிக்கோடும் போட்டேன். மதிய இடைவேளைக்குள் கடிதம் மின்னஞ்சலில் போய்விட்டது.

மைனஸ் மிஸ்

எனக்குப் பள்ளியில் 'மைனஸ் மிஸ்' என்று பெயர். பிள்ளைகள் எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டதாக நினைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும்.

அதற்கு ஒரு கதை உண்டு. நான் பத்தாம் வகுப்பு படித்தபோது கணக்கில் தொண்ணூற்றொன்பது வாங்கினேன். அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனதென்று எனக்கு அறையை விட்டு வெளியே வந்ததுமே தெரிந்துவிட்டது. x² = 64 என்று வந்த இடத்தில் x = 8 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருந்தேன். மைனஸ் எட்டை விட்டுவிட்டேன். காரைக்குடிக்குப் பேருந்தில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டே அழுதேன். நடத்துநர் சில்லறை இல்லாமல் அழுகிறேன் என்று நினைத்து, "பரவால்ல பாப்பா, நாளைக்குக் குடு," என்றார்.

அன்றிலிருந்து மைனஸ் என்பது எனக்கு நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது. ஆசிரியையான பிறகு என் வகுப்பில் மைனஸை மறந்த பிள்ளைக்கு அரை மதிப்பெண் வெட்டுவேன். சமன்பாட்டில் மறந்தாலும் வெட்டுவேன். வெறும் வர்க்கமூலத்தில் மறந்தாலும் வெட்டுவேன். √25 என்று போட்டு 5 என்று எழுதியிருந்தால் பக்கத்தில் சிவப்பு மையில் '±?' என்று எழுதி, கீழே '−½'.

இருபத்திரண்டு வருடம் அப்படித் திருத்தினேன். கடைசி வரிசைப் பிள்ளைகூடத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லும்: "மைனஸ மறக்காத!"

வட்டங்களும் நானும்

கொள்குறி வினாத் தேர்வை நான் என்றைக்கும் மதித்ததில்லை. இதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணக்கைப் பிள்ளை எப்படிப் போடுகிறது என்பதில்தான் எனக்கு ருசி. எங்கே தடுமாறியது, எதை அடித்துவிட்டு எதை எழுதியது, ஓரத்தில் எந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தது என்றெல்லாம் தாளில் தெரியும். வட்டத்தில் என்ன தெரியும்? கறுப்பு மை மட்டும்தான்.

அடைவுத் தேர்வுக்கு முந்தைய வாரம் முழுக்க எங்கள் பள்ளியில் வட்டம் நிரப்பும் பயிற்சிதான் நடந்தது. பேனாவை அழுத்தித் தாளைக் கிழித்த பிள்ளைகள் உண்டு. பக்கத்து வட்டத்துக்கும் மையை இழுத்துவிட்ட பிள்ளைகள் உண்டு. தெரியாத கேள்விக்கு 'இங்கி பிங்கி பாங்கி' போட்டு விரல் நின்ற வட்டத்தை நிரப்பிய முத்துராமன் என்ற பையனும் உண்டு. "இப்படியே நிரப்புனா என்னடா மார்க் வரும்?" என்று கேட்டதற்கு, "நாலுக்கு ஒண்ணு வரும் மிஸ். நீங்கதான் நிகழ்தகவுல சொன்னீக," என்றான்.

ஆனால் அந்த முறை இந்தத் தேர்வில் ஒரு ஆசை ஒட்டியிருந்தது. ஒன்றியத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கணிதமும் அறிவியலும் பயிற்சி தரப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பள்ளியில் நுண்ணோக்கி என்று ஒன்று உண்டு; அதில் கண்ணை வைத்தால் நம் இமைமயிர்தான் தெரியும்.

என் வகுப்பில் சிகப்பி என்ற பெண் அந்தப் பயிற்சிக்குப் போக ஒற்றைக்காலில் நின்றாள். ஐம்பதுக்கு நாற்பத்தாறு வாங்கியிருந்தாள். நாற்பத்தேழு வாங்கியவர்கள் வரை பட்டியலில் வந்திருந்தார்கள். அவள் விட்ட நான்கில் இரண்டு, பதினேழும் இருபத்திமூன்றும்.

விடைக்குறிப்பைத் திருத்தினால் சிகப்பிக்கு நாற்பத்தெட்டு. எனக்கு அது ஏற்கெனவே நடந்துவிட்ட மாதிரியே இருந்தது.

சுண்ணாம்புக் கையோடு வந்தவர்

கடிதம் போன மறுநாள் காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது சிகப்பியின் அப்பா வந்தார். பெயர் முருகேசன், கொத்தனார். நேமத்தான்பட்டியில் ஒரு பெரிய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றும் வேலையில் இருந்தார். பாதி வேலையில் எழுந்து வந்திருப்பார் போல. முழங்கை வரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

"டீச்சர், எம்மக காப்பி அடிச்சுச்சாமே. ஊருக்குள்ள பேசுறாக."

"யாருங்க சொன்னது? அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"புள்ள நேத்து ராவு சாப்பிடல. கேட்டா, வகுப்பே காப்பின்னு எழுதி வந்துருக்குங்குது. மறு பரீட்ச வப்பாகளாம்ல?"

"ஒப்புக்கிட்டா வப்பாக. நாம ஒப்புக்கல."

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"அந்தப் பட்டியல்ல பேரு வரணும்னு அதுக்கு ஆசதான். எனக்கும் ஆசதான். ஆனா டீச்சர், மார்க்கு போனாப் போகுது. நான் வேல பாக்குற வீடெல்லாம் சாவிய எங்கிட்ட குடுத்துட்டுப் போறாக. எம்மக மேல திருட்டுப் பேரு மட்டும் வேணாம்."

"வராது," என்றேன். "நான் பொறுப்பு."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

கரும்பலகையில் நின்ற கை

அன்று மதியம் முதல் பாடவேளை பத்தாம் வகுப்புக்கு. இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தைத் திருப்புதலுக்காக எழுதினேன். எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகப் போகும்.

x = (−b ± √(b² − 4ac)) / 2a

பின்னக்கோட்டை இழுத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. வர்க்கமூலக் குறிக்கு முன்னால் ஒரு ±. என் கையால் இப்போதுதான் போட்டேன்.

வர்க்கமூலக் குறியே ப்ளஸையும் மைனஸையும் சேர்த்துத் தந்துவிடும் என்றால், அதற்கு முன்னால் தனியாக எதற்கு ஒரு ±?

சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். யாரோ பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அந்த 'டிக் டிக்' மட்டும் கேட்டது.

வாசகர்களுக்கு இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். எந்த எண்ணின் வர்க்கம் 49 என்று கேட்டால் விடை இரண்டு, 7, −7. ஆனால் √49 என்று குறி போட்டு எழுதிவிட்டால், அது 7 என்ற ஒரே எண்ணைத்தான் குறிக்கும். மைனஸ் வேண்டுமென்றால் குறிக்கு முன்னால் நாம்தான் போட வேண்டும். அதனால்தான் அந்தச் சூத்திரத்தில் ± தனியாக நிற்கிறது.

விடைக்குறிப்பு சரி. பிள்ளைகள் எழுதியது தவறு. அவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான்.

பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். அந்த வரி அங்கேயே இருந்தது, கணக்குகளுக்கு முன்னால் வரும் விளக்கப் பத்தியில். நான் எப்போதும் நேராக எடுத்துக்காட்டுக் கணக்குக்குப் போய்விடுவேன். எனக்குத் தெரியாததா என்று அந்தப் பத்திகளைப் படித்ததே இல்லை.

என் மாணவர்களில் எத்தனை பேருக்கு '−½' போட்டிருப்பேன்! அவர்களில் செவிலியர் உண்டு, பொறியாளர் உண்டு, என்னைப்போலவே கணித ஆசிரியரானவர் இருவர் உண்டு. அந்த இருவரும் இந்நேரம் எங்கேயோ வெட்டிக்கொண்டிருப்பார்கள்.

இருபத்திரண்டு வருடம் இது வெளியில் தெரியாமல் போனதற்குக் காரணம் எளிது. கேள்வி போட்டவளும் நான், திருத்தியவளும் நான். பிள்ளைகள் நான் சொன்னபடி எழுதினார்கள், நான் சரி போட்டேன். நான் மதிக்காத அந்தக் கறுப்பு வட்டங்கள்தான் என்னைப் பிடித்துக் கொடுத்தன.

சார் காட்டிய வழி

சேதுராமன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொன்னீகளா?"

"இல்ல சார்."

"அப்பச் சரி. நான் சொல்றதக் கேளுங்க. நேத்து அனுப்புன கடுதாசிய வாபஸ் வாங்கிருவோம். முறைகேடுன்னு ஒப்புக்கிருவோம். மறு பரீட்ச வந்துரும். அதுக்குள்ள நீங்க பிள்ளைகளுக்குச் சரியாச் சொல்லிக் குடுத்துருங்க. சிகப்பி நாப்பத்தெட்டு வாங்கும், பட்டியல்ல வந்துரும். உங்க பேரும் கெடாது."

"கண்காணிப்பாளர்?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு மெமோ வரும்."

கண்காணிப்பாளராக வந்திருந்தவர் ஜெயந்தி என்ற இளம் ஆசிரியை. வேறொரு பள்ளியில் தற்காலிகப் பணியில் இருந்தவர். தற்காலிகப் பணியில் இருப்பவருக்கு ஒரு மெமோ என்றால் என்னவென்று எங்கள் இருவருக்குமே தெரியும். முந்தைய நாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்திருந்தார். "டீச்சர், ரெண்டு மணி நேரமும் நான் நாற்காலில உக்காரவே இல்ல. பிள்ளைகளக் கேட்டுப் பாருங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சார் கெட்டவர் இல்லை. என் மேலும் பிள்ளைகள் மேலும் இருந்த அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் சபலம் தட்டாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் பிள்ளைகளின் பேர் மீளும், ஆனால் மறு தேர்வு கிடையாது. நாற்பத்தாறு நாற்பத்தாறாகவே நிற்கும். சார் சொன்னபடி ஒப்புக்கொண்டால் சிகப்பி ஆய்வகத்துக்குப் போவாள், நாற்பத்தொரு பேர் மேலும் காப்பி அடித்ததாகப் பதிவு நிற்கும், ஜெயந்தியின் வேலை போகும்.

காலையில் 'நான் பொறுப்பு' என்று சொன்ன குரல் இன்னும் என் காதில் இருந்தது.

"சார், நாளைக்கு எனக்கு லீவு வேணும்," என்றேன். "சிவகங்கைக்குப் போயிட்டு வாறேன்."

அவர் எழுந்து போய்ச் சாத்திய கதவைத் திறந்தார். பிறகு, "லீவு எதுக்கு? பள்ளிக்கூட வேலைன்னே எழுதுங்க," என்றார்.

ஒரு பை நோட்டு

கையை வீசிக்கொண்டு போய் 'தப்பு என்னுடையது' என்றால் யார் நம்புவார்கள்? பிள்ளைகளைக் காப்பாற்ற டீச்சர் பொய் சொல்கிறார் என்பார்கள். எனக்குச் சான்று வேண்டும். சான்று நாற்பத்தொரு பேரிடமும் இருந்தது.

கணக்கு நோட்டுகளையும் காலாண்டுத் தேர்வுத் தாள்களையும் வாங்கி அரிசிக் கடைப் பை ஒன்றில் அடைத்துக்கொண்டேன். கல்லல் வழியாகப் போகும் பேருந்து. பையை மடியில் வைக்க முடியவில்லை, காலுக்கடியில் வைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது சாய்ந்து முழங்காலில் இடித்தது.

சிவகங்கையில் தேர்வுக் குழுவின் அலுவலகத்தில் என்னைப் பார்த்த அதிகாரிக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். வெளியூர்க்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. மேசையில் என் ஒன்றரைப் பக்கக் கடிதம் அச்செடுத்து வைக்கப்பட்டிருந்தது. அடிக்கோடு தலைகீழாக எனக்கே தெரிந்தது.

"விடைக்குறிப்பு தப்புன்னு எழுதியிருக்கீங்க மேடம்."

"விடைக்குறிப்பு சரி. அந்தக் கடுதாசிதான் தப்பு," என்றேன். "பிள்ளைக காப்பி அடிக்கல. கண்காணிப்பாளரும் ஒண்ணும் செய்யல. நான் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைக நான் சொன்னத அப்படியே எழுதியிருக்குதுக."

பையிலிருந்த நோட்டுகளை எடுத்து மேசைமேல் அடுக்கினேன். அவர் ஒன்றைத் திறந்தார். √36 = 6 என்று எழுதியிருந்த இடத்தில் என் சிவப்பு மை: '±?' கீழே '−½'. அடுத்ததைத் திறந்தார். அதிலும் அதே சிவப்பு. மூன்றாவது, நான்காவது. பத்துக்குமேல் திறந்திருப்பார்.

"எல்லாத்துலயும் இருக்கா?"

"நாப்பத்தொண்ணுலயும் இருக்கும். இந்த வருஷம்னு இல்ல, இருபத்திரண்டு வருஷமா."

அவர் நோட்டை மூடிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இத எழுத்துல கொடுக்கணும். உங்க மேலயும் விளக்கம் கேட்டு வரலாம். யோசிச்சீங்களா?"

"எழுதியே கொண்டாந்திருக்கேன்."

இந்த முறை கால் பக்கம்தான். அடிக்கோடு கிடையாது. அவர் படித்துவிட்டுக் கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லவா மேடம்? இன்னும் சில பள்ளிகள்ல பாதிப் பேர் இதே வட்டத்தத்தான் போட்டிருக்காங்க. உங்க பள்ளியில ஒருத்தர் பாக்கியில்லாம போட்டதாலதான் கண்ணுல பட்டுச்சு. நீங்க ரொம்ப நல்லா சொல்லிக் கொடுத்திருக்கீங்க. அதான் பிரச்சினை."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

கிளம்பும்போது கேட்டேன். தெரிந்த விடைதான், இருந்தாலும் கேட்டேன். "மறு தேர்வுக்கு வழியே இல்லையா?"

"முறைகேடு நடந்திருந்தாத்தான் மறு தேர்வு. நடக்கலன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்களே."

சிகப்பியின் கோபம்

மறுநாள் வகுப்பில் போய் நின்றேன். கரும்பலகையில் √49 = 7 என்று எழுதினேன்.

"இதுதான் சரி. இவ்வளவு நாளா நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்தேன். அதனாலதான் காப்பி அடிச்சீகன்னு உங்க மேல பேர் வந்துச்சு. தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

கடைசி வரிசையில் முத்துராமன் எழுந்தான்.

"மிஸ், அப்ப உங்களுக்கு அர மார்க்க வெட்டணும்ல?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிகப்பி சிரிக்கவில்லை.

இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். குழாயடிக்குப் பக்கத்தில் வேப்பமரத்தின் கீழ் வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"மறு பரீட்ச வச்சிருந்தா எனக்குக் கெடச்சிருக்கும்ல மிஸ்?"

"கெடச்சிருக்கும்."

"அது தெரிஞ்சுதான் போனீகளா?"

"தெரிஞ்சுதான் போனேன்."

"மொத மொத காலாண்டுல நான் சரியாத்தான் எழுதுனேன். ஏழுன்னுதான் எழுதுனேன். நீங்கதான் வெட்டுனீக."

"ஆமா."

"எனக்குக் கோவமா இருக்கு மிஸ்."

"இருக்கட்டும். நியாயமான கோவம்," என்றேன். மன்னிப்பு கேட்டேன். அவள் 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. மணி அடித்தது, போய்விட்டாள்.

அவளுடைய அப்பாவிடம் நேரில் சொல்லவேண்டும் என்று சனிக்கிழமை நேமத்தான்பட்டிக்குப் போனேன். சாரத்திலிருந்து இறங்கி வந்து கேட்டார்.

"காப்பி அடிக்கலன்னு எழுத்துல வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க. நேத்து வந்துச்சு." கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

"அது போதும் டீச்சர். ஆனா அது கோவத்த நான் சொல்லி எறக்க முடியாது. அது அப்படியே அது ஆத்தா மாதிரி. நாளாகும்."

ஜெயந்திக்கு மெமோ வரவில்லை. எனக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு வந்தது, கொடுத்தேன். பழைய மாணவர்களில் கணித ஆசிரியரான இருவரையும் அழைத்துச் சொன்னேன். ஒருவன், "மிஸ், நான் போன வருஷமே கண்டுபிடிச்சிட்டேன். உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு," என்றான். வேறு எந்தப் பேச்சையும்விட அதுதான் என்னைக் கொஞ்ச நாள் தைத்துக்கொண்டிருந்தது.

ஒரு கேள்வி

மூன்று வாரம் இருக்கும். சிகப்பி வகுப்பில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள், நோட்டைக் காட்டுவாள், அவ்வளவுதான். ஒரு நாள் பாடத்தின் நடுவில் கையைத் தூக்கினாள்.

"மிஸ், √49-ன்னா ப்ளஸ் ஏழுன்னு வச்சுக்கிட்டாக. சரி. ஏன் ப்ளஸ்ஸ வச்சுக்கிட்டாக? மைனஸ் ஏழ வச்சிருந்தா என்ன கெட்டுப்போகும்?"

நல்ல கேள்வி. பழைய நானாக இருந்தால், "அது விதி, எழுதிக்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.

"தெரியல சிகப்பி," என்றேன். "யோசிச்சிட்டு நாளைக்குச் சொல்றேன்."

நான் அந்த வகுப்பறையில் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் அந்தக் கேள்வியை நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அடுப்பில் சாம்பார் கொதிக்க, பால் கணக்கு அட்டையின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஏழு மணி வாக்கில் பிடிபட்டது. குக்கர் விசில் எத்தனை என்று எண்ண மறந்துவிட்டேன். அட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தேன். நாளைக்கு வகுப்பில் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகையும் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் சிகப்பி எழுந்துவிட்டாள்.

"மிஸ், நான் போட்டுப் பாத்தேன். சொல்லவா?"

கைப்பையின் ஜிப்பைத் திறக்கப் போன விரலை எடுத்துக்கொண்டேன்.

"வந்து பலகையில போடு."

அவள் முதலில் √4 × √9 = √36 என்று எழுதினாள். "ப்ளஸ்ஸ வச்சா ரெண்டு பெருக்கல் மூணு, ஆறு. √36-உம் ஆறு. சரியா வருது." அதற்குக் கீழே (−2) × (−3) என்று எழுதினாள். "எல்லாத்துக்கும் மைனஸ வச்சா, மைனஸ் ரெண்டு பெருக்கல் மைனஸ் மூணு, ப்ளஸ் ஆறு. ஆனா √36 மைனஸ் ஆறா இருக்கணும். இடிக்குது. ப்ளஸ்ஸ வச்சாத்தான் பெருக்கல் நிக்கும் மிஸ்."

என் அட்டையிலும் அதேதான் இருந்தது. அவள் போட்டது என்னுடையதைவிட இரண்டு வரி குறைவு.

"உறுதியா?" என்று கேட்டேன்.

"உறுதி மிஸ். வேணும்னா நீங்க வேற எண்ணு குடுத்துப் பாருங்க."

கடைசி வரிசையில் முத்துராமன் பக்கத்தில் இடம் இருந்தது. போய் உட்கார்ந்தேன். அவன் திடுக்கிட்டு நகர்ந்து, தன் நோட்டையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான். நான் பேனாவைத் திறந்து, பலகையில் இருந்ததை எழுதிக்கொள்ள ஆரம்பித்தேன்.